குடை மறைத்த கணம்

கோபுர வாசலில் கருட வாகனத்தின் தலை தெரிந்ததும் கூட்டம் ஒரே மூச்சாக முன்னால் நகர்ந்தது.

ராமலிங்கமும் நகர்ந்தார். நகர்த்தப்பட்டார் என்பதுதான் சரி.

கடவுள் இல்லை என்று இருபது வருடமாக மேடையேறிப் பேசியவர் அவர். கல்லூரியில் சமூகவியல் வாத்தியார். வைகாசி விடியற்காலையில் வரதர் கோயில் வாசலில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர், பக்கத்தில் நின்ற காசிநாதன்.

காசிநாதனுக்கும் அதே கல்லூரி, அதே பாடம். இரண்டு வருடமாக இருவருக்கும் ஒரு பிரெஞ்சு அறிஞரை வைத்துச் சண்டை. மனிதர்கள் சாமி என்று கும்பிடுவது தங்கள் சமூகத்தைத்தான் என்று எப்போதோ எழுதிவிட்டுப் போனவர் அவர்.

அப்படியென்றால் சாமி பொய் என்பார் ராமலிங்கம். பொய் என்று அந்த அறிஞர் சொல்லவே இல்லை, ஜனங்கள் ஒன்றுகூடும்போது பிறக்கும் சக்தி நிஜம் என்றுதான் சொன்னார் என்பார் காசிநாதன். சேர்ந்து எழுதத் தொடங்கிய புத்தகம் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

ஒரே ஒரு தடவை கருட சேவைக்கு வந்து நில்லுங்கள், அப்புறம் பேசலாம் என்று முந்தாநாள் கூப்பிட்டிருந்தார் காசிநாதன்.

பெரிய குடைகள் இரண்டும் சாய்ந்து சுவாமியை மறைத்தன. ஒரு கணம்தான். வருடாவருடம் நடப்பது.

வாசலில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. வெறும் குடைத்துணி.

அந்தத் துணியைப் பார்த்து ஆயிரமாயிரம் பேர் ‘வரதா’ என்றார்கள்.

சத்தம் ராமலிங்கத்தின் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண் கலங்கி அண்ணாந்தால், தலைக்கு மேலே இரண்டு கைகள் கூப்பியிருந்தன. அவருடைய கைகள்தான்.

வெட்கத்தோடு திரும்பினார். காசிநாதன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

“நீ கும்பிடலியாபா?”

“கேட்டுக்கினு இருக்கேன் சார். எங்கப்பா என்னெப் பக்கத்துல நிக்க வச்சிக்கினு வேகவதி ஆத்துக்கு அந்தாண்ட, எங்க சேரிக்காரங்களோட மணல்ல நிப்பாரு. சாமி தெரியாது. சத்தம் மட்டும் வரும். அவரு கையும் இப்பிடித்தான் தானா மேல போவும். இந்தாண்ட நின்னு கேக்கறது எனக்கு இதான் மொத தபா.”

ஆற்றைத் தாண்டி வந்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தார் ராமலிங்கம்.

வைகாசியில் வேகவதியில் கால் நனையக்கூடத் தண்ணீர் இருக்காது.

அவர் கேட்கவில்லை.