அவனை மாத்தணும்

"இந்தக் கூத்தைக் கேளு தம்பி! என் மருமக நேத்து அவங்கம்மாகிட்ட ஃபோன்ல பேசிட்டு இருந்தா. 'அவனுக்குச் சூடு சொரணையே இல்லம்மா. நானும் மாத்தலாம் மாத்தலாம்னு பார்த்தேன். இனிமே என்னால முடியாது'ன்னா. நான் என் பையனைத்தான் சொல்றாளோன்னு ஆடிப்போயிட்டேன்!"

மெக்கானிக் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கதவைத் திறந்த கையோடு மாமியார் ஆரம்பித்துவிட்டாள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அந்த விரலையும் ஆட்டி ஆட்டித்தான் பேசினாள்.

"கடைசியில பார்த்தா, அது கேக் சுடுற அவனாம்! எப்படி இருக்கு கதை?"

மெக்கானிக் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

சமையலறை வாசலில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. "அவன் இங்க இருக்குண்ணா" என்றாள், முதல் வார்த்தையை ஓர் அழுத்து அழுத்தி.

நேற்று ரிப்பேருக்கு வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டபோது இதே பெண் 'ஓவன்' என்றுதான் சொன்னாள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர் மாறிவிட்டது போலிருக்கிறது.

"என்ன மேடம் கம்ப்ளெயின்ட்?"

"சூடாகலை."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட. உள்ள சூடேத்துற காயில் போயிருக்கும். புதுசு மாத்திடுங்க."

வியாதியையும் மருந்தையும் இவர்களே சொல்லிவிட்டால் நாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். தட்டுகளை வெளியே எடுத்து, உள்ளே பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, காயிலை மெதுவாக இழுத்தார். போன காயில் என்றால் எங்காவது கொப்புளம் இருக்கும், விரிசல் இருக்கும். இது வழவழவென்று இருந்தது. இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 'பீப்' என்றது; அறுந்த காயிலில் அந்தச் சத்தம் வராது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் 'பீப்'.

அவருக்குச் சுள்ளென்று வந்தது. "என்னம்மா இது, இந்தக் காயில்ல ஒரு..."

"அத்தை!" மருமகள் குறுக்கே விழுந்தாள். "அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாங்களேன். ஃப்ரிட்ஜ் ஹால்லதானே இருக்கு."

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து போனாள். நல்ல மருமகள், உட்கார்ந்திருக்கிற மாமியாரை வேலை வாங்குகிறாள் என்று எண்ணிக்கொண்டார் மெக்கானிக்.

"அண்ணா, காயில் நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். சத்தம் போடாம மாத்திடுங்க."

"நல்லா இருக்கிறதை நான் மாத்துறதில்ல மேடம். இத்தனை வருஷத்துல அந்தப் பழக்கமே கிடையாது."

"இன்னைக்கு ஒரு நாள் மாத்துங்க." அவள் ஹால் பக்கம் பார்த்துக்கொண்டாள். குரல் இன்னும் இறங்கியது. "நேத்து நான் பேசினது இவங்க பையனைப் பத்தித்தான். பின்னாடி இவங்க நின்னதைப் பார்க்கலை. முகம் அப்படியே செத்துப்போச்சுண்ணா. சட்டுன்னு வாயில வந்தது இந்த ஓவன்தான்."

மெக்கானிக் மீட்டரை அணைத்தார்.

"நான் இந்த வீட்டை விட்டுப் போறதா இருந்தாலும் இவங்க கையைப் பிடிச்சு, நேராச் சொல்லிட்டுத்தான் போவேன். பெத்த பொண்ணாட்டம் என்னைப் பார்த்துக்கிறவங்க. இப்படிக் காதுல விழுந்து தெரிய வேணாம்."

தண்ணீர் வந்தது.

"என்ன தம்பி, என்னவாம்?"

"காயில் போயிடுச்சும்மா" என்றார் மெக்கானிக். பையிலிருந்து புதுக் காயிலை எடுத்தார். தொழிலில் முதல் பொய். நாக்கு கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது.

புதியதை மாட்டி, ஒயரைச் சொருகி, தகட்டை மூடி, சுவிட்சைப் போட்டார். அவன் சிவந்து சூடானது. மருமகள் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை!" என்று மாமியார் கைதட்டினாள்.

கழற்றிய சாமானை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது மெக்கானிக்கின் வழக்கம். இன்று மட்டும் அதைப் பையின் அடியில் போட்டு மூடினார். கூடவே வாசலுக்கு வெளியே வந்த மாமியார், கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"பழைய காயிலைக் குடு தம்பி."

"எதுக்கும்மா? அது உள்ளுக்குள்ள அறுந்துபோச்சு. வெளியில தெரியாது."

அவள் விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். விரல் நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"காலையில அவ குளிக்கப் போனப்ப சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். கையை நல்லாவே சுட்டுச்சு."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வந்ததும் வராததுமா, அந்த ஃபோன் கதையை அவ்வளவு வேடிக்கையாச் சொன்னீங்களே?"

"அவ காதுல விழணும்னுதான். நான் நம்பிட்டேன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பொண்ணுக்கு இன்னைக்காவது தூக்கம் வரும். ராத்திரி பூரா முழிச்சுட்டுக் கிடந்தா, பாவம்."

மெக்கானிக் காயிலை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதை மாத்தியிருக்கவே வேணாம் தம்பி. மாத்த வேண்டியவன் சாயங்காலம் வேலை முடிஞ்சு வருவான்."