நாற்பது விநாடி

அந்தத் தெருச் சிக்னல் ஒவ்வொருவரின் நடையையும் அறிந்து, அவரவர் கடக்கத் தேவையான நேரம் மட்டும் வண்டிகளை நிறுத்தும். தெருவின் நடைவசதிக்கு மதிப்பெண் போட மாதாமாதம் வரும் பியூலாவுக்கு எப்போதும் பதினொரு விநாடிதான். இன்று நாற்பது காட்டியது.

"சிக்னல் பழுதுங்கண்ணா," என்றாள் டீக்கடைக்காரரிடம்.

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். "நாச்சிமுத்தண்ணனுக்கும் இப்படித்தானுங்க திடீர்னு நேரத்தக் கூட்டிக் காட்டுச்சு. நல்லாத்தான் நடந்துட்டிருந்தாரு. அடுத்த மாசமே குச்சி ஊனிட்டு வந்தாருங்க."

பியூலா சிரித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். ஒன்பதே விநாடியில் எதிர்ப்பக்கம் வந்துவிட்டாள். வண்டிகள் நகரவில்லை. முன்னால் நின்ற ஆட்டோக்காரர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"அவசரமில்லீங்க அம்மிணி. மெதுவாப் போங்க."

படிவத்தில் 'பழுது' என்று எழுதிக்கொண்டே, நடைபாதையில் ஏற இடது காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.