முதல் பரிசு

"சின்னப் புத்தகம் வேணாம் சேர், எல்லாரும் படிக்கிற விஞ்ஞானப் புத்தகத்தையே..."

"நான் சொல்றத மொதல்ல கேளுங்க. குடுத்த புத்தகத்த இவ என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாருங்க."

அரைநாள் கொழுந்து பறிப்பை விட்டுவிட்டு வத்தேகமைப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த தவமணி எட்டிப் பார்த்தாள். விஞ்ஞான ஆசிரியர் யோகராஜ் சேர் விரித்த பக்கங்களில் படங்கள் இருந்த இடமெல்லாம் சன்னல் சன்னலாக ஓட்டை.

"குடுக்கும்போதே இப்படித்தான் இருந்திச்சி," என்றாள் மகள் தர்ஷிகா.

"வாய் மட்டும் வருது. இந்தப் பாடத்துல ஒரு புள்ளிகூட எடுக்கல. தோட்டத்துப் பிள்ளைங்களுக்குப் புத்தகத்தோட அருமை எங்க தெரியுது? மெல்லக் கற்போருக்கு அந்தச் சின்னப் புத்தகம் போதும். அங்க பாருங்க, போன வருஷம் எட்டாம் தரத்துல என் மக திவ்யானி செஞ்சது. கல்வி வலயத்துலயே முதல் பரிசு."

சுவரில் ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டை தொங்கியது. பூவின் பாகங்கள், வெட்டி ஒட்டிய வண்ணப் படங்களாக.

தவமணி புத்தகத்தின் முன்னட்டையைத் திருப்பினாள். வருடா வருடம் கைமாறும் புத்தகம். படித்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். தர்ஷிகாவின் பெயருக்கு மேலே முத்து முத்தான எழுத்தில், யோ. திவ்யானி.

அவள் எழுந்து போய் ஓட்டை விழுந்த பக்கத்தைச் சுவரில் இருந்த பூவின்மேல் வைத்துப் பிடித்தாள். அச்சாகப் பொருந்தியது.

"முதல் பரிசு வாங்கினதுல சந்தோசம் சேர். இந்தப் பூவுக்குப் பின்பக்கம் இருந்த பாடத்த எம்மக எங்க போயிப் படிக்கிறது?"