பாதியாகச் சுருங்கிய ஆப்

"கலக்கிட்டய்யா! ஆப் சைஸ் பாதியா குறைஞ்சிருச்சே!" என்று போனில் குழைந்தார் மேனேஜர். ஆபீஸ் கதவுகளைத் திறக்கும் ஆப் அது.

"யாரும் பயன்படுத்தாத புரோகிராம் வரிகளையெல்லாம் ஒரு டூலே தேடிப் பிடிச்சுத் தூக்கிடும், சார்," என்றான் புரோகிராமர்.

"டெஸ்ட் பண்ணியா?"

"பின்னே? வராந்தாவுல நின்னு எல்லாக் கதவையும் திறந்து பார்த்துட்டேன்."

"வராந்தாவுல! நான் என் ரூமுக்குள்ள நிக்கிறேன். உள்ளேருந்து எந்தப் பட்டனை அமுக்கினாலும் கதவு திறக்க மாட்டேங்குதுய்யா!"

புரோகிராமருக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளிருந்து திறக்கும் வரிகளை அழைத்து இயக்குவது ஆப் அல்ல, கதவிலுள்ள பூட்டு. ஆப்புக்குள் மட்டுமே தேடிய டூல், அவற்றை யாரும் பயன்படுத்தாத குப்பை என்று தூக்கிவிட்டது.

"முழிக்காம வந்து வெளியிலேருந்து திறந்து விடு!"

அவன் பாய்ந்துபோய்த் தன் அறைக் கதவின் பட்டனை அமுக்கினான். கதவு அசையவில்லை.

"அதுக்கு நான் முதல்ல வெளியில வரணுமே, சார்!"