பக்கத்து நாற்காலி

"அண்ணா, இந்தப் புகாரை நீங்க பாருங்களேன்."

பக்கத்து நாற்காலிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். பெண்களின் அந்தரங்கப் படங்களை அவர்கள் சம்மதமில்லாமல் எவனாவது இணையத்தில் போட்டால், புகாரைச் சரிபார்த்து அழிப்பதுதான் இருவருக்கும் வேலை.

"உன் பங்கை என் தலையில கட்டாதம்மா. இதையே பார்த்துப் பார்த்து சாப்பாடே இறங்கல."

"பார்க்காமலே அழிச்சிட முடியாதா?"

"நல்லா கேட்ட போ! முன்னாடி மெஷின் அப்படித்தான் அழிச்சுது. வேண்டாதவனுங்க பொய்ப் புகார் கொடுத்தே, போராடுற பொண்ணுங்க போட்ட படத்தையெல்லாம் தூக்க வெச்சானுங்க. புகார் கொடுத்தவங்க முகமும் படத்துல இருக்கிற முகமும் ஒண்ணுதானான்னு மனுஷங்க பார்த்துதான் அழிக்கணும்னு மேலிடத்தோட மல்லுக்கு நின்னது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? நீயே பாரு."

"இதை நான் தொடக்கூடாதுண்ணா."

"ஏன், தெரிஞ்சவங்களா?"

"ஆமா."

தெரிந்தவர் புகார் என்றால் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட வேண்டும். அதுவும் அவள் கேட்டு வாங்கிய விதிதான்.

அலுத்துக்கொண்டே அவர் படத்தைத் திறந்தார். திறந்த வேகத்தில் உள்ளங்கையால் திரையை மறைத்தார்.

"அம்மாடி... இது..."

"கையை எடுங்கண்ணா." அவள் தலையைக் குனியவில்லை. நாற்காலியைத் திருப்பி, அவருக்கு நேராக முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள். "ரெண்டு முகமும் ஒண்ணுதானான்னு பாருங்க. பார்த்தாத்தானே அழிக்க முடியும்?"