ஓட்டத் தெரியாதவள்

"திரும்புறப்ப ஸ்டியரிங் மல்லுக்கட்டுதுப்பா," என்றார் ஈஸ்வரபாண்டி.

பழனிசெட்டிபட்டி மெக்கானிக், காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றினான். எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டிய மற்ற சக்கரமும் அதே பக்கம் சுற்றியது.

"லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் மாட்டியிருக்காகண்ணே. ஒரு சக்கரம் வழுக்குனாலும் அடுத்தது இழுத்துரும். ரேஸ் ஓட்டுறவுக போடுறது."

குழம்பிப்போய் வீடு திரும்பியவர் மகனிடம் பாய்ந்தார். "ஏலே, எனக்குத் தெரியாம ரேஸுக்குப் போறியா?"

"நீங்க சாவியவே தர மாட்டீகளேப்பா!"

"அவன வையாதீக. சர்வீஸுக்கு விட்டப்ப நாந்தேன் மாட்டச் சொன்னேன்," என்றாள் மனைவி உமாதேவி.

"நீயா? ஒனக்குக் கார் ஓட்டவே தெரியாதே!"

"ஓட்டத் தெரியாது. தள்ளத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் திராட்சைத் தோட்டத்துச் சேத்துல கார் சிக்கி, நீங்க உள்ள உக்காந்து ஆக்ஸிலேட்டர மிதிக்கிறப்ப, பின்னால நிக்கிறது யாரு?"