தாய்மாமன் முறை

என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தபடியே, கணவனின் அழுக்கு உடுப்புகளை வதனி வோஷரில் போட்டாள்.

ரகுபரன் காலையில்தான் பாரிஸிலிருந்து மல்வேர்னிலுள்ள தங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அங்கே அவனுடைய சித்தியின் மகள் சுபாங்கி. அவளுடைய பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. “தங்கச்சிக்கு வேற சகோதரம் இல்லை, தாய்மாமன் நான்தானே தண்ணி வார்க்கோணும்” என்று போனவன். மாமன் சீருக்கென்று தன் பதக்கச் சங்கிலியையே வதனி கொடுத்துவிட்டிருந்தாள்.

“தண்ணி வார்க்கேக்க பிள்ளை குளிரில நடுங்கிப்போச்சு” என்று குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி சிரித்தான். “லீவுக்குத் தாயும் பிள்ளையும் இஞ்ச வருகினம். மேல் அறையை ஒதுக்கிவிடுமப்பா.”

“வீடியோ இல்லையே?”

“வர ரெண்டு மாதமாகும்.”

அவளுடைய போன் அடித்தது. பாரிஸிலிருக்கும் பள்ளித்தோழி, தான் போன சாமத்தியவீடு என்று வீடியோ அனுப்பியிருந்தாள்.

“தாய்மாமன் வாங்கோ” என்றது ஒரு குரல். யாரோ நெட்டையான ஒருவர் எழுந்துபோய்த் தண்ணீர் வார்த்தார். அடுத்து மேடையில், பட்டுடுத்திய பிள்ளையின் கழுத்தில் வதனியின் சங்கிலி.

“இனி அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்குப் பக்கத்தில நில்லுங்கோ.”

சுபாங்கி வந்து நின்றாள். மற்றப் பக்கத்தில், சால்வையைச் சரிசெய்தபடி ரகுபரன்.

“மேல் அறை சொன்னனான், கேட்டதே?”

“கேட்டது” என்றாள் வதனி மெதுவாக. “என்னால ஏலாது.”